ஊமைக் கட்டை

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் நரைத்த தலையோடு ஒரு அக்காவும் தம்பியும். தம்பி மடியில் பழைய பொம்மைக் கீபோர்டு. அதிலிருந்து ஒயர்கள், குட்டி விளக்குகள் வரிசையாக இருந்த ஒரு சின்ன சர்க்யூட் போர்டுக்குப் போயின.

"இத யாரும் தொடவே வேணாம்க்கா. லைட்டு ஒண்ணொண்ணா எரியும், எரியிறப்ப அதுக்கான கட்டை தானா சத்தம் குடுக்கும். சின்னப்புள்ளயில நீ வாசிச்சதத்தான் செட் பண்ணிருக்கேன்."

சுவிட்சைப் போட்டார். கீச்சென்று மெட்டு வந்தது. ஒரு விளக்குக்கு மட்டும் சத்தமே இல்லை.

"அந்தக் கட்டை அப்பவே போயிருச்சேடா. இவ்ளோ செஞ்சவன் அத சரி பண்ணலியா?"

"அப்பல்லாம் அந்த எடத்துல நீதான வாயால பாடுவ?"

மெட்டு மறுபடி ஆரம்பித்தது. அக்கா பஸ்ஸை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அந்த விளக்கு எரிந்ததும் மெல்லப் பாடினார்.