கொழும்பு திருப்பிக் கூப்பிட மாட்டேங்குது

...கோளாறு உங்க டெலிபோன் கம்பியிலதான் நானா, எனக்கு நூறு வீதம் நிச்சயம்! சும்மா அந்த மோடம் பொட்டிய முறைக்காதீங்க, அதுல ஒண்ணுமில்ல. நாலு நாளா கம்ப்ளைன்ட் குடுக்கிறேன். இன்னைக்குத்தான் மாத்தளை டெலிபோன் ஆபீசுலருந்து எங்க எல்கடுவைத் தோட்டத்துக்கு வழி தெரிஞ்சிச்சா?

சரி சரி, கோவிச்சுக்காதீங்க, நானான்னா அண்ணன்தானே, தங்கச்சி சொன்னா பொறுத்துக்கணும். எனக்கு மூடி மறைச்சுப் பேச வராது. ஸ்கூல்லயும் இதே பிரச்சினதான்... அத விடுங்க.

கேளுங்க. தோட்டத்துல பறிச்ச தேயிலைக் கொழுந்தோட நிறைக் கணக்கு தினமும் மூணு மணிக்கு முந்தி கொழும்பு ஹெட் ஆபீசுக்குப் போகணும். என் கைப்போன்ல படம் புடிச்சு அனுப்புனா ஒரு நிமிஷ வேல. அங்க எவனோ ஒரு பெரியவன், "அது பாதுகாப்பு இல்ல"ன்னுட்டான். அதனால என்ன விட வயசு கூடின இந்த மோடத்துல ஆபீஸ் போன் கம்பிய குத்தி டயல் பண்ணணும். கிர்ர்ர்ர்னு இழுக்கும். பாஸ்வேர்ட் கேக்கும். குடுப்பேன். உடனே கொழும்பு கட் பண்ணிரும்! அது கோளாறு இல்லயாம், அதான் பாதுகாப்பாம். "நீ யாருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? வை, உன் ஆபீஸ் நம்பருக்கு நானே கோல் எடுக்கிறேன்." நாங்க ஒரு ரிங் விட்டு ரிங் கட் குடுத்தா அடுத்தவங்க திருப்பி கோல் எடுப்பாங்களே, அந்த மாதிரி. என் ரிங் கட்டுக்கு எங்கம்மாவே திருப்பி எடுக்கிறதில்ல, கொழும்பா எடுக்கப் போகுது?

கொழும்பு திருப்பி எடுக்க வேண்டிய நம்பரையா? நாலு தடவ சரி பாத்தாச்சு! ஸ்கிரீன்ல மூணு வட்டம் இருக்கும். திருப்பி கோல் எடுக்காத, கேட்டா எடு, எப்பவும் இந்த நம்பருக்கே எடு. மூணாவதுல புள்ளி வச்சு, ஆபீஸ் நம்பர அடிச்சிருக்கேன். போதுமா?

நாளையோட என் பரீட்சார்த்த மாசம் முடியுது நானா. எங்க பெரிய கிளாக்கர் மகேஸ்வரன் சார் சொல்லிட்டாரு, "தினுஷா, இன்னைக்கும் நிறை போகலன்னா நாளைக்கு வராத." வராட்டி அம்மாவோட மலைக்குக் கொழுந்து பறிக்கத்தான் போகணும். எனக்கு ரத்தம் குடிக்கிற அட்டைன்னா உசிரே போயிரும். ஓஎல் பரீட்சையில கணக்கு ரெண்டு தடவ பெயில், வேற எவன் வேல தருவான்?

இருங்க, உங்க கண்ணு முன்னாலயே டயல் பண்றேன். ம்... பாஸ்வேர்ட்... பாத்தீங்களா, கொழும்பு வச்சிருச்சு. இப்ப ஸ்கிரீன்ல காத்திருங்கன்னு போடும். நானும் நாலு நாளா... இருங்க, போன் அடிக்குது.

"வணக்கம், தோட்டத்து ஆபீஸ்... ஹலோ? ச்சீ, சனியனே!"

பைத்தியம் நானா, ஒண்ணு. தினமும் சரியா இந்த நேரத்துக்கு கோல் எடுத்து காதுக்குள்ள கீச்சுன்னு கத்துது. நேத்து எருமைன்னு திட்டுனேன், இன்னும் சத்தமா கத்துச்சு. எடுக்காம விடவும் ஏலாது, மூணாவது தடவ அடிக்க முந்தி எடுக்கணும்னு சார் சொல்லியிருக்காரு. நான் விட்ட கோல் ஒண்ணு இல்ல, யார வேணும்னாலும் கேளுங்க!

ஏன் சிரிக்கிறீங்க? திரும்பவா? சரி, டயல் பண்ணிட்டேன். வச்சிருச்சு. ஆ, அடிக்குது! கைய விடுங்க நானா! ரெண்டு ஆச்சு! மூணு! சார் என்னக் கொன்னுருவாரு...

அட. மோடமே எடுத்திருச்சு.

நிறை... போகுது. போயிருச்சு!

அப்ப நாலு நாளா மோடத்துக்கு வந்த கோலத்தான் நான் முந்தி எடுத்தேனா? கத்துனது... கொழும்பா? ஹெட் ஆபீசயா நான் எருமைன்னு...

நானா, அந்தக் கம்ப்ளைன்ட் ஃபோர்ம்ல என்ன எழுதுறீங்க? என் பேரு வேணாம். கம்பியில குரங்கு தொங்குச்சுன்னு போடுங்களேன். இங்க குரங்குக்கா பஞ்சம்?

பாருங்க, மறுபடி அடிக்குது. நான் எடுப்பேனா? மாட்டேன்! கைய கட்டிக்கிட்டேன். அஞ்சு... ஆறு... கத்தட்டும், மோடம் பாத்துக்கும். ஒம்பது... இதுக்கு மட்டும் ஏன் மோடம் எடுக்கல? நான் டயல் பண்ணவே இல்லயே...

நானா... எதிர்ல பங்களா வாசல்ல, கைப்போன காதுல வச்சிக்கிட்டு இங்கயே முறைக்கிறது... மகேஸ்வரன் சாரா? இறங்கி வேற வர்றாரே!

நானா? பைய தூக்கிக்கிட்டு எங்க போறீங்க? நில்லுங்க நானா!