மில்லுக்குப் போன ஓட்ஸ்

முத்துராணி: ...அப்போ மிக்சியிலதான் திரிச்சிய?

தாணுமாலையன்: மிக்சியிலதான். நீ மணிமுத்தாறுல தங்கச்சி வீட்டுக்குப் போன அன்னைக்கு. அது போட்ட சத்தத்துல வண்ணார்பேட்டை பஸ்ஸெல்லாம் ஓரங்கட்டி நின்னுட்டு.

முத்துராணி: ஓட்ஸ்ல அல்வா... ரிட்டயர் ஆன மனுசனுக்கு வேற சோலி இல்ல.

தாணுமாலையன்: ஏட்டி, இன்னைக்கு நம்ம கல்யாண நாளு. திருநெல்வேலிக்காரி அல்வா தின்னு ரெண்டு வருசமாச்சு. ‘சீலியாக், இனிமே கோதுமை ஆகாது’ன்னு டாக்டர் சொன்ன அன்னைக்குத் தாமிரபரணி ஒரு சாண் ஏறுச்சுல்லா... அம்புட்டும் என் கண்ணீரு.

முத்துராணி: டாக்டர் வேற என்ன சொன்னாரு?

தாணுமாலையன்: கோதுமையில இருக்க, உனக்கு ஆகாத அந்த க்ளூட்டன் எழவு ஓட்ஸ்ல கிடையாதாம். குடல் ஆறிட்டு, கோதுமை, பார்லி கலக்காத பாக்கெட்டா வாங்கிக் கொஞ்சமா தின்னு பாக்கலாம்னாரு.

முத்துராணி: சிலருக்கு அந்த ஓட்ஸே ஒத்துக்காதுன்னாரே, அத விட்டுட்டிய.

தாணுமாலையன்: அதுக்குத்தான் ஒரே ஒரு கரண்டி. பைய தின்னு.

முத்துராணி: திங்கேன்... நெய் நல்லாத்தான் வடியுது. ஆமா, அன்னைக்கு நான் வரும்போது உங்க புருவம் ஏன் வெள்ளையா இருந்துச்சு?

தாணுமாலையன்: வயசாகுதுல்லா.

முத்துராணி: குளிச்சதும் வயசு இறங்கிட்டோ? மிக்சி மேல மூடுன துணி மூடுனபடியே கெடந்துச்சு.

தாணுமாலையன்: ...சரி. காஜா பாய் மாவு மில்லுலதான். மிக்சியில அந்த நைசு வராதுட்டி. தொட்டுப் பாரு, வெண்ணெய் தோத்துரும். ஆனா சும்மா திரிக்கல. மொதல்ல ஒரு மூட்டை அரிசிய ஓட்டி, மெஷினச் சுத்தம் பண்ணிட்டுத்தான்...

முத்துராணி: மூட்டையா?

தாணுமாலையன்: ஒரு படி.

முத்துராணி: ம்.

தாணுமாலையன்: ...ரெண்டு கைப்பிடி.

முத்துராணி: அதுக்கு முன்னால என்ன ஓடுச்சு?

தாணுமாலையன்: ஏதோ ஹாஸ்டலுக்கு... சப்பாத்தி மாவு.

முத்துராணி: சரி. வாயில போடுதேன்.

தாணுமாலையன்: வேண்டாம்ட்டி, கீழ வை. ரெண்டு வருசத்துக்கு முன்னால உங்க அண்ணன் மக கல்யாணத்துல ஒரு விள்ளல் அல்வா தின்னுட்டு நீ கெடந்த கெடப்பு... அரிசி ஓட்டுனா போதும்னு நெனச்சேன். போதாதுட்டி. கொட்டிருவோம்.

முத்துராணி: ம்... ஏலக்கா கூடிட்டு.

தாணுமாலையன்: முழுங்கிட்டியா? ஏ முத்து... இரு, ஆட்டோவக் கூப்பிடுதேன்.

முத்துராணி: உக்காருங்க. உங்க மில்லு மாவ அந்தப் புருவத்தப் பாத்த அன்னைக்கே எதுத்த வீட்டு மாடு தின்னுட்டு. டப்பாவக் கழுவி, பாக்கெட்டுல மிச்சம் கெடந்த ஓட்ஸப் புது ஜார்ல திரிச்சுப் போட்டு வச்சது நான். இன்னைக்கு நீங்க கிண்டுனது அதைத்தான். எனக்கு ஒரு கரண்டி போதும்... மிச்சத்த நீங்க தின்னு பாத்து, மிக்சியில நைசு வருமா வராதான்னு சொல்லுங்க.