காருக்கு மட்டும் மாமன்

கண்ணுசாமி: அதைத் தொடாதீங்க தம்பி! அந்த மூடிக்குள்ள ஒண்ணுமில்ல. இங்கிட்டு வாங்க, கார்புரேட்டரைப் பாருங்க.

ஐயனார்: செல்ப் நல்லாத்தான் சுத்துது. பெட்ரோலும் வருது. ஆனா இஞ்சின் புடிக்க மாட்டேங்குதே... மூடியைத் தொறந்து, கரண்டு வருதான்னு ஒரு தடவை...

கண்ணுசாமி: வருது, வருது! யாரு வண்டின்னு நெனைச்சீங்க? என் கான்டெஸா. வாங்குன நாள்லேர்ந்து நடுரோட்டுல நின்னதே இல்ல.

ஐயனார்: இப்ப நிக்கிதேண்ணே.

கண்ணுசாமி: டீ குடிக்க நிறுத்துனோம். திரும்ப எடுத்தா ஸ்டார்ட் ஆகல. அதுக்காக நின்னு போச்சுன்னு சொல்லுவீங்களா? ஆமா, டீக்கடைக்காரரு சொல்லித்தான வந்தீங்க?

ஐயனார்: ம்... போன் வந்துச்சு. வந்தேன்.

சொர்ணம்: அண்ணே! என்னண்ணே ஆச்சு? ராகுகாலம் பொறக்குறதுக்குள்ள பொன்னமராவதியில பொண்ணு வீட்டுப் படியேறணும்!

கண்ணுசாமி: ஏறுவோம், ஏறுவோம். நீ போயி வேப்பமரத்தடியில ஒக்காரு. பட்டுச்சேலையில கிரீசு பட்டா அதுக்கும் என்னையத்தான் சொல்லுவே.

சொர்ணம்: எங்க வீட்டுக்காரக வேற மொணமொணங்கிறாக. பொண்ணு பாக்கப் போற வழியில வண்டி நின்னா சகுனம் சரியில்லையாம். திரும்பிடலாமாங்கிறாக.

கண்ணுசாமி: ஓகோ! மாப்ள என் வண்டியில ஏறி, ஏசியைப் போடச் சொல்லி, காலை நீட்டிக் கொறட்டை விட்டப்ப சகுனம் நல்லாருந்துச்சாக்கும்? போ, போ.

ஐயனார்: தங்கச்சியாண்ணே?

கண்ணுசாமி: கூடப் பொறந்தவ. இவ மகன் பிரவீன்குமாருக்குத்தான் பொண்ணு பாக்கப் போறோம். நான் தாய்மாமன்.

ஐயனார்: அப்ப முன்னால நிக்க வேண்டிய ஆளு.

கண்ணுசாமி: ... ஸ்பானரை எடுங்க தம்பி. பேசிக்கிட்டே நின்னா?

ஐயனார்: எடுக்குறேன். கார்புரேட்டரைக் கழட்டுனாலே எனக்கு ஒரு அம்பாசிடர் ஞாபகம் வந்துரும். கோட்டைப்பட்டினத்துல ஒரு மீன் யாவாரி வண்டி. சமரோட்டுல போவும், பாலம் ஏறச் சொன்னா மூச்சு வாங்கும். அறந்தாங்கியில பாத்துட்டாங்க, புதுக்கோட்டையில பாத்துட்டாங்க. எல்லாரும் கைய விரிச்சுட்டாங்க.

கண்ணுசாமி: பிஸ்டன் ரிங்கு போயிருக்கும்.

ஐயனார்: அதான் எல்லாரும் சொன்னது. நான் கழட்டிப் பாக்குறேன்... உள்ளாற பனியன் துணி!

கண்ணுசாமி: துணியா?

ஐயனார்: நட்டு கிட்டு உள்ள விழுந்துறக் கூடாதுன்னு ஓட்டையில துணியை அடைப்போம்ல? அடைச்ச மகராசன் எடுக்க மறந்து, அப்புடியே மாட்டிட்டான். அதுகூடப் பரவாயில்லண்ணே. அதே ஆளு பின்னால அந்த வண்டியைப் பாத்துட்டு, இஞ்சினே போச்சு, மாத்துங்கன்னு சொல்லிருக்கான்!

கண்ணுசாமி: அட படுபாவி! அவனை நிக்க வச்சு நாலு கேள்வி கேக்க வேணாமா?

ஐயனார்: கேட்டேன். "இஞ்சின் ஓடுச்சுல்ல, அப்புறமென்ன"ங்கிறான். அன்னைக்கு ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். பாதி வண்டியில கோளாறு இருக்காது. ஆளுகிட்டத்தான் இருக்கும்.

கண்ணுசாமி: ... வெயிலு ஏறுதுல்ல?

ஐயனார்: ஏறுது. ஏண்ணே, இந்த வண்டி நல்லா ஓடுமா? சும்மா பூசைக்கு வச்சிருக்கீங்களா?

கண்ணுசாமி: என்ன கேட்டீங்க! பூசைக்கா? போன வைகாசியில கோட்டைப்பட்டினத்துக்குக் கட்டுமாவடிப் பாலத்துக்கிட்ட போயிக்கிட்டிருக்கேன். புதுக் கார்ல நாலு பயலுக. பக்கத்துல வந்து கண்ணாடியை எறக்கி, "பெருசு, காயலாங்கடை அங்கிட்டு இருக்கு"ங்கிறான். வந்துச்சு பாருங்க எனக்கு! என்னையச் சொல்லு, பொறுத்துக்குவேன். வண்டியைச் சொல்லலாமா?

ஐயனார்: சொல்லக் கூடாது.

கண்ணுசாமி: மூணாவது கியரைப் போட்டு மிதிச்சேன். வலது பக்கம் கடலு, இடது பக்கம்...

ஐயனார்: அங்கிட்டுப் போகையில கடலு இடது பக்கமுல்லண்ணே?

கண்ணுசாமி: கடலு எங்கிட்டு இருந்தா ஒங்களுக்கென்ன! கோட்டைப்பட்டினத்துல நான் டீ குடிச்சு, கிளாசைக் கீழ வைக்கிறேன், அப்பத்தான் வாரானுக. "தம்பிகளா, காயலாங்கடை வந்துருச்சு, எறங்குங்க"ன்னேன்.

ஐயனார்: ஹா ஹா! அப்பேர்ப்பட்ட வண்டியை ஊருல எவனும் எரவல் கேக்க மாட்டானா?

கண்ணுசாமி: கேப்பான். சாவியைக்கூடக் குடுத்துருவேன். கொண்டு போகட்டும் பாப்போம்! நிறுத்துனவொடனே, இஞ்சினுக்குக் கரண்டு பிரிச்சுக் குடுக்குற ரோட்டரைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்குவேன். கட்டைவிரல் தண்டிதான் இருக்கும். அது இல்லாம எந்தக் கொம்பனாலயும் ஸ்டார்ட் பண்ண முடியாது.

ஐயனார்: கெட்டிக்காரருண்ணே. ரோட்டரு... இந்த மூடிக்குள்ளதான இருக்கும்?

கண்ணுசாமி: ... அதெல்லாம் முன்னாடி. இப்ப கழட்டுறதில்ல. நீங்க கார்புரேட்டரைப் பாருங்க.

ஐயனார்: பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஊருல எரவல் கேக்குற மாதிரிதான் எங்க வீட்டு ஆளுகளும். மோட்டாரு நின்னா, குழாய் ஒடைஞ்சாத்தான் என் நம்பரு ஞாபகம் வரும். நல்லது கெட்டதுக்கு வராது.

கண்ணுசாமி: வாயில சக்கரையைப் போடணும் தம்பி ஒங்களுக்கு! அதே கதைதான் இங்கயும்.

சொர்ணம்: என்ன கதை அங்க? நாங்க வெயில்ல காயிறோம், நீங்க சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கீக!

கண்ணுசாமி: ஒன் கதைதான் சொர்ணம். ஒன் மகனுக்குப் பொண்ணு பாக்குறே. சாதகம் பாத்தாச்சு, போட்டோ பாத்தாச்சு, நாளும் குறிச்சாச்சு. தாய்மாமன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? நேத்து போன் பண்றே. என்ன சொன்னே? சொல்லு.

சொர்ணம்: அண்ணே, வேத்தாளு முன்னால...

கண்ணுசாமி: "காரைக் கழுவி வையி"ன்னே! காருக்கு மட்டும் மாமன் வேணும், இல்ல? வாடகைக்குக் காரு கெடைக்கும்டி. மாமன் கெடைப்பானா?

சொர்ணம்: ஒங்கிட்டச் சொன்னா நூறு நொட்டை சொல்லுவே. ரேடியேட்டரைப் பாக்குற மாதிரி பொண்ணையும் பாப்பே. முடிவானப்புறம் சொல்லுவோம்னு...

கண்ணுசாமி: காது குத்தையில என் மடியிலதானடி வச்சுக் குத்துனே! அப்ப நொட்டை சொன்னேனா?

சொர்ணம்: ... தப்புதாண்ணே. போதுமா? அங்க மொத வார்த்தை நீதான் பேசணும். பூத்தட்டையும் நீதான் குடுக்கணும். ஒனக்குப் பொண்ணு புடிக்கலேன்னா இப்புடியே திரும்பிருவோம். வண்டியைக் கெளப்பு சாமி! நான் போயி அவுகளை எழுப்புறேன்.

ஐயனார்: போயிட்டாங்கண்ணே. கண்ணைத் தொடச்சுக்கங்க.

கண்ணுசாமி: தூசி. தம்பி... நீங்க கொஞ்சம் அங்கிட்டுப் போயி ஒரு டீ சாப்புடுங்களேன். நானே ஒரு தடவை பாத்துடுறேன்.

ஐயனார்: எதுக்கு அங்கிட்டுப் போகணும்? சட்டைப் பையில கையை விட்டு எடுங்க. நானே மாட்டித் தாரேன்.

கண்ணுசாமி: எதை?

ஐயனார்: ரோட்டரைத்தான். நான் வந்தவொடனே நீங்க மொகம் கழுவப் போனீங்கள்ல? அப்பவே மூடியைத் தொறந்து பாத்துட்டேன்.

கண்ணுசாமி: அப்பவே தெரியுமா! அப்பறம் ஏன்யா நல்லாருந்த கார்புரேட்டரைக் கழட்டிப் போட்டுக்கிட்டு, மீன் யாவாரி கதையெல்லாம் சொல்லி... சகுனம் சரியில்லன்னு மாப்ள திரும்பிருந்தா ஒரு பொண்ணு வாழ்க்கை என்னத்துக்காவும்? நான் வீம்புக்குச் செஞ்சேன். ஒனக்கென்னய்யா வீம்பு? எந்தப் புண்ணியவான் அனுப்புனது ஒன்னைய?

ஐயனார்: பொண்ணோட ஆத்தாதான் அனுப்புச்சு மச்சான். என் கூடப் பொறந்த அக்கா. "விருந்தாளுக வர்ற காரு நின்னு போச்சாம், போயிப் பாருடா"ன்னுச்சு. என்ன விருந்தாளுகன்னு கேட்டேன். என் மடியில வச்சுக் காது குத்துன புள்ள வனிதாவைப் பொண்ணு பாக்க வர்றீங்கன்னு அப்பத்தான் எனக்கே சொல்லுச்சு.