ராக்கன் வைத்த பெயர்

வெப்சைட்டுக்குப் பெயர் வைப்பது பிள்ளைக்குப் பெயர் வைப்பதைவிடச் சிரமம். பிள்ளைக்கென்றால் குலசாமி பெயர் இருக்கிறது, தாத்தா பெயர் இருக்கிறது. எதுவும் பிடிக்காவிட்டால் ஜோசியர் ஓர் எழுத்தையாவது எடுத்துக் கொடுப்பார். நான் முதலில் வைத்த பெயர் ‘நாகராசு கடல் வானிலை’. என் பெயரைப் போட்டதுதான் தப்பு. கட்டுமாவடியில் நாகராசு என்றால் யாருக்கும் கடல் ஞாபகம் வராது, வாந்திதான் ஞாபகம் வரும்.

அப்பா கடலுக்குப் போனவர். சின்ன வயதில் என்னையும் படகில் ஏற்றினார். கரை மறைவதற்குள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தேன். அத்தோடு சரி. மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டேன். ஆனாலும் காற்றின் மேலிருந்த ஆசை போகவில்லை. கம்ப்யூட்டரில் வானிலைப் படங்களைப் பார்த்து, நம் கரைக்கு என்ன வரும் என்று கணித்து, தினமும் காலையில் ஒரே ஒரு வரி போடுவேன். போகலாம், இல்லையென்றால் போக வேண்டாம். அதைப் பார்த்தது நானும் என் தங்கை செவந்தியும்தான்.

செவந்தியின் புருஷன் ராக்கன் ஒருநாள் கடையில் டீ குடித்துக்கொண்டே சொன்னான். “பேரு சப்புன்னு இருக்கு மச்சான். ‘சொன்னா சொன்னதுதான்’னு வைங்க. எவனா இருந்தாலும் நின்னு பாப்பான்.” அவனிடம் இருந்தது பட்டன் போன். அந்த வெப்சைட்டை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. கடலுக்குக் கிளம்பும் முன் என்னைத் தேடி வந்து, என் வாயால் கேட்டுக்கொண்டுதான் போவான். என்னை அப்படி நம்பியவன் வேறு யாரும் கிடையாது.

பெயரை மாற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கரையில் பாதிப் பேர் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆனால் பெயர் பெரிதானால் கேலியும் பெரிதாகத்தான் வரும். போக வேண்டாம் என்று நான் போட்ட ஒரு நாள், கடல் தாம்பாளம் மாதிரி கிடந்தது. ராக்கனோடு ஒரே படகில் தொழிலுக்குப் போகும் சோலையப்பன், என் கடை வாசலில் நின்று சத்தமாகச் சொன்னான். “தண்ணியப் பாத்தாலே கக்குறவன் பேச்சக் கேட்டு இன்னிக்கு வீட்ல அடுப்பு எரியல.” ஜெராக்ஸ் எடுக்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு அந்தத் தை மாத நாள் வந்தது. காலையில் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பொழுது சாய்ந்தால் வாடைக்காற்று பேயாக அடிக்கும் என்று. போக வேண்டாம் என்று போட்டேன். பார்த்தவர்கள் படகைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். மத்தியானம் ராக்கனும் சோலையப்பனும் மட்டும் நண்டு வலையோடு கிளம்பினார்கள்.

ஊரில் நான் சொன்னது இதுதான். சேதி தெரிந்து கரைக்கு ஓடினேன், அதற்குள் படகு கிளம்பிவிட்டது. கடலுக்குக் கிளம்பியவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டு ஏதாவது ஆகிவிட்டால் கூப்பிட்டவன் தலையில்தான் விடியும். அதனால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டேன். இதை எங்கள் கரையில் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஒரு பெரியவர், “நீ என்னப்பா செய்வே, அவங்க விதி” என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அதற்கு மேல் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் படகு கவிழ்ந்து கிடந்தது. சோலையப்பன் தெற்கே பிணமாக ஒதுங்கினான். ராக்கனை வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கால் பக்கம் நான்தான் பிடித்துத் தூக்கினேன். அன்று நான் அழுத அழுகையில் பொய் இல்லை.

செவந்தி அழவில்லை. பாடையைத் தூக்கும்போது அவனைப் பார்த்துத் திட்டினாள். “எங்க அண்ணன் சொல்லுச்சே, ஒரு வார்த்த கேட்டீங்களா? எம்புள்ள இனி யார அப்பான்னு கூப்புடும்?” அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அவன் போட்டோவுக்குப் பூ வைக்க மாட்டேன் என்கிறாள்.

அவன் கேட்டான். வழக்கம்போலக் கேட்கத்தான் செய்தான். நான் போனபோது படகு கரையில்தான் இருந்தது. சாப்பாட்டு நேரம், வேறு ஆள் இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, “இன்னிக்கு எப்படி மச்சான், போகலாமா?” என்றான். சோலையப்பன் படகிலிருந்து, “அவருகிட்ட ஏன் கேக்குற, வாந்தி வந்துரப் போகுது” என்றான். ராக்கன் சிரித்துவிட்டான்.

“போகலாம் மாப்ள” என்றேன்.

கொஞ்சம் பயந்து திரும்பட்டும் என்று நினைத்ததாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது அப்படி இல்லை. காற்றின் வேகமும் எனக்குத் தெரியும், அந்தப் படகின் நீளமும் தெரியும். திரும்பாது என்று தெரிந்துதான் சொன்னேன். அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நின்றேன்.

இப்போது சுற்றுவட்டாரக் கரையெல்லாம் என் வெப்சைட்டைத்தான் பார்க்கிறார்கள். வழியில் பார்த்தால் கும்பிடுகிறார்கள். ஆனால் ‘சொன்னா சொன்னதுதான்’ என்ற அந்தப் பெயரைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை. நல்ல பெயராக வேறொன்று தேடினேன். எதுவும் அமையாமல், கடைசியில் ‘ராக்கன்’ என்றே வைத்துவிட்டேன். செவந்தியிடம் சொன்னபோது, “சொல்லக் கேக்காதவரு பேரு எதுக்குண்ணே?” என்றாள். பிறகு, “ஒங்க மனசு யாருக்கு வரும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக அழுதாள்.

அவள்தான் இன்னும் அவன்மேல் கோபமாக இருக்கிறாள். அவன் சிரித்ததை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.