உயிரோடிருந்தவனுக்கு ஒரு பேனர்

அரைநூற்றாண்டு காலம் கரும்பலகையின் முன் நின்று, இன்று எங்கள் முன் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் மாசானம் ஐயா அவர்களே! இந்தப் படிப்பகத்துக்கு இடம் கொடுத்து, விளக்குக் கொடுத்து, விழாவுக்கு என்னைப் பேசவும் அழைத்துவிட்ட நிர்வாகப் பெருமக்களே! விசைப்படகிலும் துறைமுகத்திலும் தோள் தேய்ந்த பெரியோர்களே! இறால் உரித்த கை ஈரம் காய்வதற்குள் இங்கே வந்து இடம் பிடித்திருக்கும் என் தாய்மார்களே! உட்காரச் சொன்னால் ஓடிவிடுகிற, ஓடச் சொன்னால் நின்றுவிடுகிற, பின்வரிசைத் தம்பிமார்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ‘கணினியும் இளைஞரும்’. நல்ல தலைப்பு. நாலு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். அறிவியல் வளர்ந்த கதை, அறிவு தளர்ந்த கதை எல்லாம் அதில் இருந்தன. இன்று காலை அதைப் படித்துப் பார்த்தேன். அதில் ஒரு மனிதர்கூட இல்லை. ஆகவே மடித்து வைத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக, நான் செய்த ஒரு பேனரைப் பற்றிப் பேசப் போகிறேன்.

என்ன சிரிப்பு அங்கே? ஆமாம், பேனர்தான். நான் பஷீர் பாய் கடையில் கணினி முன் அமர்ந்து பேனர் வடிவமைக்கிறவள். காது குத்தா, கல்யாணமா, கால்பந்துக் கோப்பையா, கட்சிக் கூட்டமா, எல்லாம் என் கை வழியாகத்தான் தெருமுனைக்கு வரும். இந்த மேடையின் பின்னால் தொங்குவதும் என் கைவேலைதான். தலைவரின் மீசை கொஞ்சம் கறுப்பாக வந்திருந்தால், அது அவர் கேட்டதல்ல, நான் கொடுத்தது.

எங்கள் தொழிலில் மகிழ்ச்சிக்கு நாள் இருக்கிறது. துக்கத்துக்கு மணிதான் இருக்கிறது. கல்யாணப் பேனருக்கு ஒரு வாரம் அவகாசம் தருவார்கள். ‘கண்ணீர் அஞ்சலி’க்கு ஒரு மணி நேரம். ஏன்? நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவு வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு போவதில்லை. மாலை வேண்டும், மாலைக்கு முன்னால் தெருமுனையில் பேனர் வேண்டும். நண்பன் செத்தால் முதலில் கடைக்கு வருவோம், பிறகுதான் வீட்டுக்குப் போவோம். வீட்டில் போய், ‘உண்மையாகவே இறந்துவிட்டாரா?’ என்று எவராவது கேட்பாரா? கேட்கமாட்டார். அது மரியாதை இல்லை. அந்த மரியாதையிலிருந்துதான் நான் சொல்லப்போவது தொடங்குகிறது.

சென்ற ஆண்டு, ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி. வெள்ளத்துரை என்ற இளைஞர், மூன்று நண்பர்களோடு கடைக்குள் வந்தார். மணலியில் ஒரு லாரி அலுவலகத்தில் கணினி இயக்குபவர். கண் சிவந்திருந்தது.

“பாய், எட்டுக்கு ஆறு. அர்ஜண்டு. நம்ம அலெக்ஸு பூட்டான் பாய்.”

“எந்த அலெக்ஸுப்பா?”

“காசிமேடு அலெக்ஸாண்டரு. கண்டெய்னர் யார்டுல கணக்கு எழுதுவானே. எறால் செட்டுல வேல செய்யுமே சிலுவையம்மா, அதும் புள்ள.”

“அடப்பாவமே. இன்னா ஆச்சு?”

“தெரில பாய். ஆபீசுல கம்ப்யூட்டர தொறந்தேன். அவன் பக்கத்துல போட்டுகிறாங்க.”

அவன் பக்கம் என்றால், தம்பிமார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். கணினியில் நண்பர்கள் கூடுகிற ஒரு தளம். அதில் ஆளுக்கு ஒரு பக்கம்; அந்தப் பக்கத்தில் அவர் படம்; படத்துக்குக் கீழே அவருக்கு எத்தனை நண்பர்கள் என்ற எண். தெருச்சுவர் மாதிரி, யார் வேண்டுமானாலும் வந்து எழுதிவிட்டுப் போகலாம். அலெக்ஸாண்டருக்கு நானூற்றுப் பதினோரு நண்பர்கள். அவர் சுவரில் அன்று காலை இருந்தது இது: ‘அலெக்ஸாண்டர் நேற்று மாலை இறைவனடி சேர்ந்தார். இப்படிக்கு அவர் தம்பி.’

அலெக்ஸாண்டருக்குத் தம்பி கிடையாது. வெள்ளத்துரைக்கு அது தெரியும். சித்தி மகனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். போன் செய்து பார்த்தீர்களா என்று நான் கேட்டேன். “செத்தவன் நம்பருக்கு யாராச்சும் போன் போடுவாங்களாக்கா?” என்றார். எனக்கும் அது நியாயமாகப்பட்டது.

படத்தை அந்தப் பக்கத்திலிருந்தே எடுத்தேன். கறுப்புக் கண்ணாடி, நிமிர்த்திய காலர், யாருடைய பைக்கோ ஒன்று. பைக்கை வெட்டினேன். முகத்தை வட்டத்துக்குள் வைத்தேன். இரு பக்கமும் குத்துவிளக்கு, மேலே வெண்புறா, கீழே ரோஜா. பிறந்த தேதி, மறைந்த தேதி. பதினோரு மணிக்கு அச்சு. பதினொன்றரைக்கு ரீப்பர் கட்டைச் சட்டத்தில் ஆணி. பன்னிரண்டுக்குக் காசிமேட்டுத் தெருமுனையில் பேனர் நின்றது. வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். பாய் என்னைப் பாராட்டினார்.

அவையோரே! எங்கள் கடைக்கும் பக்கத்திலிருக்கும் பிரவுசிங் சென்டருக்கும் நடுவே இருப்பது ஒரு பிளைவுட் பலகை. அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம், கடைசித் தடுப்பில், ஒரு இளைஞர் நாற்பது நாளாக வந்து அமர்ந்துகொண்டிருந்தார். காலை ஒன்பதுக்கு டிபன் பாக்ஸோடு வருவார். மாலை ஐந்துக்கு டிபன் பாக்ஸோடு போவார். எனக்கு அவர் முதுகைத் தெரியும். முகம் தெரியாது.

நான் யாருக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேனோ, அவர் எனக்கு மூன்றடி தூரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்!

(ஆமாம்மா, நீங்கள் நெஞ்சில் கை வைப்பது தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, பிறகு.)

செய்தி இறால் உரிக்கிற செட்டுக்குப் போனது. சிலுவையம்மாள் ஓடிவந்தார். உடன் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் அனைவரும் வேலையைப் போட்டுவிட்டு, ஈரச் சேலையோடு பின்னால் ஓடிவந்தார்கள். அம்மா பேனருக்குக் கீழே நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் விளக்கும் புறாவும் எதற்கு என்று தெரியும். அழவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

“மூஞ்சி யாருதோ தெரில. ஆனா சட்ட எம்புள்ளது. நேத்து நான்தான் தொவைச்சி போட்டேன்.”

பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத ஒரு முகத்தைத்தான் நானூற்றுப் பதினோரு பேரும் நண்பன் என்று நம்பியிருந்தார்கள்!

பிறகு அவர் திரும்பினார். தெரு நிறைய ஆட்கள். கை நிறைய மாலைகள். வீடு பூட்டிக் கிடந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது.

“காலைலதானடா சோறு கட்டி அனுப்புனேன்! பொணம் எங்கடா?”

யாருக்கும் தெரியவில்லை. எவரும் விசாரித்திருக்கவில்லை. மாலை இருந்தது, பேனர் இருந்தது, கூட்டம் இருந்தது. செத்தவர் மட்டும் இல்லை.

எந்த மருத்துவமனை என்று அந்தச் சுவரில் யாராவது எழுதியிருப்பார்களா என்று பார்க்க, வெள்ளத்துரை பிரவுசிங் சென்டருக்கு ஓடிவந்தார். காலியாக இருந்தது ஒரே ஒரு இருக்கை. கடைசித் தடுப்புக்கு முந்தியது. இதற்கு மேல் நான் கண்ணால் பார்க்கவில்லை. பலகை வழியாகக் காதால் கேட்டேன்.

நாற்காலி விழுகிற சத்தம்.

“டேய்! டேய் மாமு! நீ செத்துட்டடா!”

மவுஸ் சொடுக்குகிற சத்தம்.

“இன்னாடா இது? ஊரே மாலையோட நிக்குது. உங்கம்மா பேனருக்கு அடியில நிக்கிது. நீ இங்க குந்திகினு இன்னாடா பண்ற, கஸ்மாலம்?”

பிறகு ஒரு குரல். நாற்பது நாளில் அந்தத் தடுப்பிலிருந்து நான் கேட்ட முதல் குரல்.

“நான்தான் போட்டேன் மாமு. அறுவத்தி மூணு பேரு எழுதிகிறாங்க. இப்ப வரிக்கும் அறுவத்தி மூணு. போன மாசம் என் பொறந்தநாளு. ரெண்டு பேரு எழுதுனாங்க.”

வெள்ளத்துரை அதன்பிறகு திட்டவில்லை. அந்த இரண்டு பேரில் அவர் இல்லை.

நீங்கள் கோபப்படலாம். ஊரை ஏமாற்றியவனுக்கு உதை வேண்டாமா என்று கேட்கலாம். அன்று தெருவிலும் அப்படித்தான் கேட்டார்கள். இரண்டு பேர் கையையும் ஓங்கினார்கள். நான் கேட்பது வேறு. உயிரோடிருந்தபோது இரண்டு, செத்தபோது அறுபத்து மூன்று என்றால், அந்தக் கணக்கு ஒரு இருபத்து மூன்று வயது மனதுக்கு என்ன சொல்லிக்கொடுக்கும்? இருப்பதைவிட இல்லாமல் போவது மேல் என்று சொல்லிக்கொடுக்காதா? அன்று யாருமே எழுதாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று, பல மாதங்கள் கழித்து நானே அவரிடம் கேட்டேன். “தெர்லக்கா” என்றார். பொய் சொல்லவில்லை. அந்த ‘தெரியாது’ இருக்கிறதே, அதுதான் எனக்கு இன்றும் பயம்.

வேலை போனதால் அவர் அந்தத் தளத்துக்குப் போகவில்லை. அங்கே போனதால் வேலை போனது. முதலில் வேலை முடிந்து அரை மணி நேரம். பிறகு வேலைக்கு நடுவே ஒரு மணி நேரம். யார் எழுதினார்கள், யார் எழுதவில்லை, யார் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள்? கப்பலில் வந்த பெட்டிகளை எண்ண வேண்டியவர், கணினியில் வந்த பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தார். யார்டில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்கள். மூன்றாம் முறை அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. தூக்கம் போனது. பசி போனது. பக்கத்தில் இருந்தவர்களின் பேச்சு தூரத்தில் கேட்பது போலிருந்தது என்கிறார். இதற்கு நாம் வைத்த பெயர் என்ன? திமிர்! சோம்பேறித்தனம்!

அன்று அவரை அம்மா முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அம்மா அடிக்கவில்லை. டிபன் பாக்ஸை வாங்கித் திறந்தார். காலையில் வைத்த சோறு கலையாமல் இருந்தது.

“எத்தினி நாளா?”

“நாப்பது நாளும்மா.”

“நாப்பது நாளா வேலைக்குப் போறேன்னு சொன்னியே. எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடா? நானும் அதுல வந்து எழுதணுமா? எனக்கு எழுதத் தெரியாதேடா!”

(யாரங்கே முன்வரிசையில் எழுந்து நிற்பது? அம்மா, உட்காருங்கள். போதும் என்றால் நிறுத்திவிடுகிறேன்.)

“சொல்லு பாப்பா! நானும் எம்புள்ளயும்தான உன்ன சொல்லச் சொன்னோம். நாலு வூட்டுக்குத் தெரியட்டும்!”

கேட்டீர்களா? சிலுவையம்மாள்தான். அவர்கள் அனுமதி தராமல் இந்தப் பெயர்களை நான் இந்த மேடையில் உச்சரிக்க மாட்டேன். கைதட்டல் எனக்கு வேண்டாம். அவருக்குத் தட்டுங்கள்.

அடுத்த திங்களன்று அம்மாவும் வெள்ளத்துரையும் அவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். தெருவில் ஒருவர், “பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா?” என்று கேட்டார். “ஆமா, காய்ச்சலுக்குப் போறமாரி போறோம். நீயும் வர்றியா?” என்றார் அம்மா. ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் நான் பொய்க்காரி. மாத்திரை உண்டு. மாதம் ஒருமுறை மருத்துவர் உண்டு. நல்ல நாள் உண்டு, கெட்ட நாளும் உண்டு. இப்போது ஐஸ் பேக்டரியில் வேலை. இன்னமும் கணினி முன் உட்காருகிறார். ஆனால் பக்கத்து நாற்காலியில் வெள்ளத்துரை இருப்பார். அரை மணி நேரம் ஆனதும், “எந்திரி மாமு, கடலப் பாக்கலாம்” என்பார்.

அவையோரே! நான் கணினியை உடைக்கச் சொல்லவில்லை. அதில்தான் எனக்குச் சோறு. ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்று பூமாலைக் கடைக்குப் போனவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், முறையை மறந்து, மரியாதையை மறந்து, நேராக இறால் செட்டுக்குப் போய் அந்தத் தாயிடம் கேட்டிருந்தால், அந்தப் பேனர் எழுந்திருக்குமா? அதற்கு முந்தைய நாற்பது நாளில் ஒருவர், ஒரே ஒருவர், சும்மா அந்தக் கதவைத் தட்டியிருந்தால், அந்தச் செய்தி எழுந்திருக்குமா? மூன்றடி தூரத்தில் இருந்த நான், ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்து, ‘சாப்பிடவில்லையா?’ என்று கேட்டிருந்தால்? கேட்கவில்லையே! முதுகைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லையே!

செத்தவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்றோம். சரி. இருக்கிறவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமே! மாலை வேண்டாம், பேனர் வேண்டாம், காரணமும் வேண்டாம். ‘சும்மா வந்தேன்’ என்று சொல்லிக்கொண்டு போகலாமே! இரண்டு நாள் பேசாத நண்பன் வீட்டுக்குப் போங்கள். இரண்டு மாதமாகச் சிரிக்காத தங்கை பக்கத்தில் அமருங்கள். கதவைத் தட்ட ஒரு கை போதும். அந்தக் கை காலியாக இருந்தால் இன்னும் நல்லது, பிடித்துக்கொள்ளலாம்!

அந்தப் பேனர் என்ன ஆனது என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. அதைக் கிழித்துவிடலாம் என்று நான் போனேன். சிலுவையம்மாள் தரவில்லை. “கெட்டியா கீது, எதுக்குக் கிழிக்கிற?” என்று கேட்டு, வீட்டுக் கூரையில் ஒழுகுகிற இடத்தில் விரித்துக் கட்டிவிட்டார். எழுத்தும் படமும் மேல்பக்கம். வெறும் வெள்ளை உள்பக்கம். சென்ற மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதற்குக் கீழே அலெக்ஸாண்டர் தூங்குகிறார். அந்தத் தெருவில் இன்று அவர் இறந்துவிட்டதாக நம்புவது கூரைமேல் உட்காருகிற காக்கை மட்டும்தான்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், அழுகையை அடக்கிக்கொண்டு கேட்ட தாய்மார்களுக்கும், கடைசி வரை ஓடாமல் நின்ற தம்பிமார்களுக்கும் நன்றி. எழுதியதை மடித்து வைத்துவிட்டு வெறுங்கையோடு மேடையேறினேன். என்னை உங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்துக் கேட்டீர்கள். அதே வெறுங்கையைக் குவித்து விடைபெறுகிறேன். வணக்கம்.