இடது மணிக்கட்டுப் பாடம்

காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பொன்மலை போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள்.

"ஒரு வாரமா இடது மணிக்கட்டை மட்டும்தான் படிச்சேன், மும்தாஜ்" என்றார் மூத்தவர்.

ஆஸ்பத்திரியில் வேலை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து எடுத்தது கோல்ஃப் மட்டையை வீசக் கற்றுத்தரும் புத்தகம்.

"போன மாசமே முழுசா படிச்சு முடிச்சிட்டேன்னீங்களே, ஸ்டெல்லாக்கா?"

"முடிச்சேன். மைதானத்துல நின்னா இடுப்பு, தோள், முழங்கால்னு எல்லாம் ஒண்ணா ஞாபகம் வந்து, மண்ணைத்தான் அடிச்சேன். கூட ஆடுறவங்க சிரிச்சாங்க. ஐம்பது வயசுல இது எதுக்குன்னு விட்டுடலாம்னு இருந்தேன்."

பாலக்கரை நெரிசலில் பஸ் நின்றது.

"அப்புறம்?"

"திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். ஒரு பக்கம் படிப்பேன். புத்தகத்தை மூடிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு மெதுவா செஞ்சு பார்ப்பேன். அது கைக்கு வர்ற வரைக்கும் அடுத்த பக்கத்தைத் தொடமாட்டேன்."

"வந்துச்சா?"

"நேத்து பந்து மேல எழும்பிச்சு."

"எவ்வளவு தூரம் போச்சு?"

"தூரத்தை யாரு பார்த்தா? அண்ணாந்து நின்னுட்டேன், மும்தாஜ். இத்தனை நாள் பந்தைக் குனிஞ்சேதான் பார்த்துட்டிருந்தேன்."