கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ச்சல் வெண்கலம்

பட்டு விரித்த கதிரையில் வீற்றிருக்கும் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் பஸ்தியாம்பிள்ளை அவர்களே, காற்றைக் கற்றுக் கடலைக் கற்றுக் கரைசேர்ந்த பெரியோர்களே, கரையில் இருந்தபடியே கடலோடு போராடும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம், ஸலாம், ஸ்தோத்திரம்.

அலங்காரமாகப் பேச எனக்கும் வரும். நேரந்தான் இல்லை. காலையிலிருந்து காற்று திசைமாறி அடிக்கிறது.

மேடையிலே மாலை சூடி, பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் மினுங்குகிறதே, இது என்ன? நான் உருக்கி வார்த்த தகடு. புல்மோட்டைக் கறுப்பு மணலையும் மூழ்கிய கப்பலொன்றின் வெண்கலத்தையும் ஒரே உலையில் கலந்தேன். சிறுதுண்டுகளை உங்கள் தோணிகளில் அறைந்தோம். பெரிய தகட்டைக் கரைக்கு வைத்தோம். தோணி கவிழ்ந்து துண்டு நீரில் மூழ்கினால், கரையில் தகடு கொதிக்கும். ஏன் கொதிக்கிறது? நான் படித்த உலோகப் படிப்பில் அதற்கு விடை இல்லை. கொதிக்கிறது, அவ்வளவுதான். விழா அழைப்பில் 'கடலரசி மாவுலோகம்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். துறையில் மீன் வெட்டும் பெண்கள் இட்ட பெயர் காய்ச்சல் வெண்கலம். அதுதான் பெயர்.

துறையிலே தொங்கவிடச் சொன்னேன். போகிறவர் வருகிறவர் எல்லோரும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? கும்பிட்டீர்கள். கும்பிட்டு, பட்டில் சுற்றி, சங்க அலுமாரியில் வைத்துப் பூட்டினீர்கள். வெயில் படக்கூடாதாம், மீன்கை படக்கூடாதாம், காகம் எச்சமிடக்கூடாதாம்!

போன கார்த்திகையில் இக்னேசியஸின் தோணி கவிழ்ந்தது. பட்டப்பகல். அலுமாரிக்குள்ளே பட்டு கருகியது. சங்கக் கந்தோர் அறை முழுக்கக் கருகல் மணம். நிர்வாகசபை கூடி ஆராய்ந்து கண்ட முடிவு என்ன? கரண்ட் வயரில் கோளாறு. மெயின் சுவிட்சை நிறுத்தினார்கள், கந்தோரைப் பூட்டினார்கள், வயர் வேலைக்காரருக்கு ஆள் அனுப்பினார்கள். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்தத் தூணருகே இருக்கும் இன்பமலர் சிரிக்கவில்லை. இக்னேசியஸ் அவருடைய கணவர். ஆள் திரும்பவில்லை.

தலைவர் மணியடிக்கிறார். ஓம் ஐயா, முடிக்கிறேன்.

அதன் பிறகாவது தகடு துறைக்குப் போனதா? பெட்டி வந்தது! தடித்த கண்ணாடி. வெளியே தொட்டால் சூடு தெரியாது. மதிப்பு, மதிப்பு என்கிறீர்கள். மாலை போட்ட மதிப்பு மனிதனைக் காக்குமா? பூட்டி வைத்த மதிப்பு புயலில் கைகொடுக்குமா? தொடமுடியாத தகடு யாருக்காகக் கொதிக்கும்?

அதோ, குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்த றஹ்மா எழுந்து நிற்கிறார். அவர் சொல்வது மைக்கில் விழவில்லை, நான் சொல்கிறேன்: "தம்பி, எங்கட வீட்டுக்காரர் விடியப் போனவர், இன்னும் கடல்லதான் நிக்கிறார். நீங்க மேடையில கதைச்சுக்கொண்டு நிக்கிறீங்க."

உண்மை, அக்கா. உங்கள் பக்கீரின் தோணியிலும் என் துண்டு இருக்கிறது. இந்த நிமிடம் இந்தத் தகடு குளிர்ந்திருக்கிறதா, கொதிக்கிறதா? கையெட்டும் தூரத்தில் நிற்கிறேன். வார்த்த எனக்கே தெரியாது!

தலைவர் அவர்களே, இந்தப் பெட்டிப் பூட்டின் திறப்பு எங்கே?

ஓர்ஸ் ஹில்லில் உள்ள அவர் வீட்டிலாம். அங்கேயும் அலுமாரிக்குள்ளாம்.

நன்றி ஐயா. பந்தல் போட்டவர்களுக்கு நன்றி, மாலை கட்டியவர்களுக்கு நன்றி, ஏச்சுக் கேட்டும் எழுந்து போகாத உங்களுக்கு நன்றி. நீங்கள் போர்த்திய பொன்னாடையைக் கையில் சுற்றிக்கொண்டேன். இளைஞர்களே, துறைக்கு ஓடித் தோணிகளை இறக்குங்கள். தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். முன்வரிசைத் தாய்மார்களே, கால்களை இழுத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி தெறிக்கும்.

வணக்கம்.